ரகசிய மருந்துகளின் குட்டை உடைத்த மருந்தாளுநர்

எட்வர்ட் ஃபிராங்க் ஹாரிசன் (1869–1918): லண்டனின் போலி மருந்து வியாபாரத்தை ஒரு ஷில்லிங் புத்தகத்தால் ஆட்டம் காணவைத்தவர். பிறகு போர்க்களத்தில் லட்சக்கணக்கான சிப்பாய்களின் மூச்சைக் காத்தவர்.

1909-ம் ஆண்டு லண்டனில் ஒரு புத்தகம் வெளியானது. 'ரகசிய மருந்துகள்: அவற்றின் விலை என்ன, உள்ளே இருப்பது என்ன' என்பது அதன் தலைப்பு. விலை ஒரு ஷில்லிங். வெளியிட்டது பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம். அட்டையில் ஆசிரியர் பெயர் இல்லை. பல பத்திரிகைகள் இந்தப் புத்தகத்துக்கு விளம்பரம் போடவே மறுத்துவிட்டன. மருந்துக் கம்பெனிகள் தரும் விளம்பரப் பணத்தில் ஓடிக்கொண்டிருந்த பத்திரிகைகள் அவை. அப்படியும் புத்தகம் பல்லாயிரக்கணக்கில் விற்றது. மூன்று ஆண்டுகளில், 1912-ல், இரண்டாம் தொகுதியும் வந்தது.

அந்தப் பக்கங்களில் இருந்த ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு மனிதரின் உழைப்பு இருந்தது. அவர் டாக்டர் அல்ல, பிரபலமான விஞ்ஞானியும் அல்ல. பதினான்கு வயதில் ஒரு மருந்துக்கடையில் வேலை பழகப் போனவர். பிற்பாடு சொந்தமாகவும் கடை வைத்திருந்தவர். அவர்தான் எட்வர்ட் ஃபிராங்க் ஹாரிசன்.

மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு மருந்தாளுநரின் கடமை முடிந்துவிடுகிறதா? அந்த மருந்தைப் பற்றிய உண்மையை மக்களிடம் சேர்ப்பதும் அவர் வேலைதானா? இந்தக் கேள்வி இன்று உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இதற்குத் தன் வாழ்க்கையால் பதில் சொன்னவர் ஹாரிசன்.

கடையிலிருந்து ஆய்வகத்துக்கு

ஹாரிசன் பிறந்தது லண்டனில், 1869-ல். அந்தக் கால வழக்கப்படி முதலில் கடையில் தொழில் பழகினார். பொடி இடிப்பது, மாத்திரை உருட்டுவது, சீசாவில் சீட்டு ஒட்டுவது என்று அடிமட்டத்திலிருந்து கற்ற கல்வி அது. பிறகு, பார்மசூட்டிக்கல் சொசைட்டி நடத்திய புளூம்ஸ்பரி சதுக்கக் கல்விக்கூடத்தில் படிக்க, 1890-ல் ஜேக்கப் பெல் உதவித்தொகை கிடைத்தது. மருந்துக்கடைக்காரர்களை ஒன்று திரட்டி 1841-ல் அந்தச் சொசைட்டியை உருவாக்கியவர் ஜேக்கப் பெல். அவர் பெயரிலான உதவித்தொகையில் படித்த ஹாரிசன், மாணவர்களுக்கான உயரிய விருதான பெரேரா பதக்கத்தையும் வாங்கினார்.

1890-களில் லண்டனுக்குத் தெற்கே கிராய்டனில் சொந்தமாக மருந்துக்கடை நடத்தினார். பின்பு டார்ட்ஃபோர்டில் இருந்த பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தின் தொழிற்சாலையில் பகுப்பாய்வுப் பிரிவில் பணியாற்றினார். 1905-ஐ ஒட்டி அங்கிருந்து விலகி, லண்டன் சான்சரி லேனில் தனி ஆய்வகம் திறந்தார். எந்த மருந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், அதில் என்னென்ன, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்வதுதான் அவர் தொழில்.

கடையில் நின்று வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்த அனுபவமும், ஆய்வகத்தில் மருந்தைப் பிரித்துப் பார்க்கும் திறமையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்துக்கும் அதன் ஏடான பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலுக்கும் அப்போது தேவைப்பட்டது அப்படி ஒருவர்தான்.

அரசு முத்திரை ஒட்டிய ரகசியம்

அன்றைய பிரிட்டனில், என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாமலேயே யார் வேண்டுமானாலும் ஏறக்குறைய எந்த மருந்தையும் தயாரித்து விற்கலாம். சட்டம் கேட்டதெல்லாம் வரி மட்டும். 18-ம் நூற்றாண்டிலிருந்தே இத்தகைய மருந்துகளுக்கு முத்திரை வரி இருந்தது. ஒரு ஷில்லிங் மருந்து என்றால் ஒன்றரைப் பென்னி வரி. வரி கட்டியதற்கு அடையாளமாக அரசின் முத்திரைச் சீட்டு ஒவ்வொரு டப்பாவிலும் ஒட்டப்பட்டிருக்கும்.

செய்முறை எல்லோரும் அறிந்தது என்றால், அதைத் தகுதி பெற்ற மருந்தாளுநர் வரியில்லாமல் விற்கலாம். ரகசியமாக வைத்திருந்தால்தான் வரி. ஆனால், வாங்கியவர்கள் இந்த விவரத்தையெல்லாம் அறிந்தார்களா? அரசு முத்திரையைப் பார்த்ததும், 'அரசாங்கமே சோதித்துப் பார்த்து அனுமதி கொடுத்த மருந்து' என்று நம்பினார்கள். வியாபாரிகளும் அந்த நம்பிக்கையை வளர்த்துக் காசாக்கினார்கள். 1908-ல் முடிந்த ஓராண்டில் மட்டும் 4 கோடிக்கும் மேற்பட்ட மருந்து டப்பாக்களும் சீசாக்களும் முத்திரை ஒட்டி விற்பனையாயின.

விளம்பரங்கள் சொல்லாத நோய் இல்லை. காசநோய், புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு, காது கேளாமை, உடல் பருமன், குடிப்பழக்கம் என எல்லாவற்றுக்கும் ஒரு சீசா இருந்தது. காசநோய்க்கு எதிரான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல். நீரிழிவுக்கு இன்சுலின் வந்தது 1920-களின் தொடக்கத்தில். அதாவது, உலகத்தில் எந்த டாக்டரிடமும் மருந்தில்லாத நோய்களுக்கு, 'முற்றிலும் குணமாகும்' என்று சத்தியம் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மாத்திரையைப் பிரித்துப் பார்த்தபோது

ஹாரிசன் செய்த வேலை கேட்பதற்கு எளிது. கடையில் விற்கும் மருந்து. அதன் விளம்பரம் என்ன சொல்கிறது? விலை எவ்வளவு? உள்ளே என்ன இருக்கிறது? அந்தச் சரக்கின் அடக்க விலை என்ன? இந்த நான்கு விவரங்களையும் ஒவ்வொரு மருந்துக்கும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியது புத்தகம். வர்ணனை குறைவு, வசவு குறைவு. படிப்பவர் தானே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அன்று பிரிட்டனில் மிகப் பிரபலமாக இருந்த பீச்சம் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். 'ஒரு டப்பா ஒரு கினி பெறும்' என்பது அதன் விளம்பர வாசகம். ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். 56 மாத்திரை கொண்ட டப்பாவின் விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. மாத்திரையைக் கரைத்து, வடிகட்டி, படிந்ததை எடை போட்டு, நுண்ணோக்கியில் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும். தாவரப் பொடிகளின் மாவுத்துகள்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் உண்டு. பழகிய கண்ணிடமிருந்து அவை தப்ப முடியாது. அந்த மாத்திரையில் இருந்தவை மூன்றே பொருள்கள்தான்: கற்றாழைப் பாலைக் காய்ச்சி எடுக்கும் மூசாம்பரம், சுக்குப்பொடி, சோப்புத்தூள்.

நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் மூசாம்பரத்தையும் சுக்கையும் அறியாதவர் உண்டா? மூசாம்பரம் பேதிக்குப் போகவைக்கும். சுக்கு வயிற்றுப் பிடிப்பைத் தணிக்கும். மாத்திரை பயனற்றது என்று ஹாரிசன் சொல்லவில்லை. மலச்சிக்கலுக்கு அது வேலை செய்யும். ஆனால், அந்த ஒரே மாத்திரை தலைச்சுற்றலிலிருந்து நரம்புக் கோளாறு வரை தீர்க்கும் என்று விற்கப்பட்டது. 56 மாத்திரைக்கான சரக்கின் அடக்க விலை அரை ஃபார்திங் என்று புத்தகம் மதிப்பிட்டது. ஒரு பென்னிக்கு நான்கு ஃபார்திங், ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. கணக்குப் போட்டால், சரக்கின் விலையைப்போல 108 மடங்கு கொடுத்து மக்கள் அதை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

உடல் மெலிய 'ஆன்டிபான்' என்று ஒரு திரவம் விற்றது. அதில் இருந்தது சிட்ரிக் அமிலம், கொஞ்சம் சாயம், மீதித் தண்ணீர். காசநோய்க்கு அமெரிக்காவிலிருந்து வந்த 'டியூபர்குலோசைன்' மருந்து ஒரு மாதத்துக்கு இரண்டரைப் பவுண்டு. உள்ளே இருந்த சரக்கின் மதிப்போ சில பென்னி. தலைவலிப் பொடிகள் பலவற்றில் அசிட்டனிலைடு இருந்தது. இதயத்தையும் ரத்தத்தையும் பாதிக்கக்கூடிய பொருள் அது. வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

இதில் ஏழைகள் இழந்தது பணம் மட்டும் இல்லை. நோய் முற்றாத காலத்தையும் சேர்த்து இழந்தார்கள். மார்பில் கட்டி தோன்றிய பெண், விளம்பரத்தை நம்பிக் களிம்பு தடவிக்கொண்டே மாதங்களைக் கழித்தால், அறுவைச் சிகிச்சை மேசைக்கு வரும்போது எல்லாம் கைமீறிப் போயிருக்கும். போலி மருந்தின் பெரிய கேடு அது பறிக்கும் அவகாசம்தான்.

வழக்கும் விசாரணையும்

உண்மை சொன்னால் சும்மா விடுவார்களா? காசநோய்க்கு மருந்து விற்றுவந்த சார்லஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் மருத்துவச் சங்கத்தின் மீது அவதூறு வழக்குப் போட்டார். தென்னாப்பிரிக்காவில் கிடைத்த ஒரு செடியின் வேர்தான் தன் மருந்து என்பது அவர் வாதம். 1912-ல் முதல் விசாரணையில் நடுவர் குழுவால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. 1914-ல் நடந்த மறுவிசாரணையில் சங்கத்தின் பக்கம் தீர்ப்பானது.

அதே 1912-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. தலைவர் சர் ஹென்றி நார்மன். மருந்து முதலாளிகள், டாக்டர்கள், பத்திரிகைக்காரர்கள் எனப் பலரும் சாட்சி சொன்னார்கள். ஹாரிசனும் தன் பகுப்பாய்வு விவரங்களோடு குழுவின் முன் நின்றார். இந்த மருந்துகளின் விளம்பரத்துக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பவுண்டு செலவிடப்படுகிறது என்ற மதிப்பீடு அங்கே பதிவானது. பத்திரிகைகள் வாய் திறக்காததன் காரணம் அந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடும்.

குழு கடுமையான அறிக்கை கொடுத்தது. ரகசிய மருந்துகளைத் தடுக்கச் சட்டத்துக்குக் கையில்லை என்று ஒப்புக்கொண்டது. மருந்துகளைப் பதிவு செய்ய வேண்டும், உள்ளடக்கத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், குணமாக்க முடியாத நோய்களுக்கான விளம்பரத்தைத் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிக்கை வெளியான நாள் 1914 ஆகஸ்ட் 4. அன்றுதான் பிரிட்டன் ஜெர்மனியின் மீது போர் அறிவித்தது. அறிக்கையை எடுத்துப் படிக்க நாட்டுக்கு நேரமில்லாமல் போனது.

காற்றில் கலந்த நஞ்சு

போர் ஹாரிசனையும் இழுத்துக்கொண்டது. படையில் சேரும் வயதைத் தாண்டியவர் அவர். அப்படியும் 1915-ல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார்.

அந்த ஆண்டு ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே, 5,700-க்கும் மேற்பட்ட உருளைகளிலிருந்து ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. நான்கு நாட்கள் கழித்து அதே களத்தில் முன்னேறிய இந்திய லாகூர் டிவிஷன் வீரர்களும் வாயுவில் சிக்கினார்கள். மூச்சுத்திணறலோடு தோழர்களைத் தூக்கிக் காத்த ஜமேதார் மீர் தஸ்துக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது அந்தச் சண்டையில்தான். முதல் பாதுகாப்பாகச் சிப்பாய்களுக்குக் கிடைத்தது ரசாயனத்தில் நனைத்த பஞ்சும் துணியும். பிறகு தலையை மூடும் ஃபிளானல் பை வந்தது. எதிரி வாயுவை மாற்றினால் நனைக்கும் ரசாயனத்தையும் மாற்ற வேண்டும். 1915 டிசம்பரில் ஃபாஸ்ஜீன் வந்தபோது அந்த நெருக்கடி இன்னும் இறுகியது.

வேதியியல் தெரிந்தவர்களைப் படை தேடியபோது ஹாரிசன் நச்சுவாயுத் தடுப்புப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். மருந்துக்கடையில் கற்றதும் ஆய்வகத்தில் கற்றதும் அங்கே கைகொடுத்தன. என்னென்ன நஞ்சு வரலாம், எந்தப் பொருள் எதைப் பிடித்துவைக்கும் என்று பார்த்து, பலவகை வாயுக்களை ஒரே நேரத்தில் தடுக்கும் பெட்டியை அவர் குழு வடிவமைத்தது. கரியும், சுண்ணாம்பும் பெர்மாங்கனேட்டும் சேர்ந்த குருணைகளும் அடுக்கடுக்காக நிரப்பிய பெட்டி. அதிலிருந்து ரப்பர் குழாய் வழியே முகமூடிக்குக் காற்று போகும். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வேதியியலாளர் பெர்ட்ராம் லாம்பர்ட் உருவாக்கிய குருணைதான் இதற்கு அடிப்படை. வாயு நிரப்பிய அறைக்குள் நுழைந்து, தங்கள் உடலையே பணயம் வைத்து இந்தக் கருவிகளைச் சோதித்தார்கள். முதலில் வந்த பெரிய பெட்டியைச் சிப்பாய்கள் 'ஹாரிசன் கோபுரம்' என்றே அழைத்தார்கள். அதைச் சுருக்கிச் செய்த சிறிய பெட்டி 1916-ல் வந்தது. போர் முடியும்வரை பிரிட்டிஷ் படையின் முக்கியக் கவசம் அதுதான்.

சாதாரணச் சிப்பாயாகப் போனவர் லெப்டினன்ட் கர்னல் ஆனார். வேதிப்போர்த் துறையின் துணைக் கட்டுப்பாட்டாளர் பொறுப்பையும் வகித்தார். ஓயாத வேலை உடம்பைக் கரைத்தது. உலகையே உலுக்கிய ஃபுளூ பரவிய அந்த நாட்களில் நிமோனியா கண்டு, 1918 நவம்பர் 4 அன்று காலமானார். வயது 49. சரியாக ஒரு வாரத்தில் போர் ஓய்ந்தது. லண்டன் வேதியியல் சங்கம் அவர் பெயரில் நினைவுப் பரிசை நிறுவியது. இன்றும் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி இளம் வேதியியலாளர்களுக்குத் தரும் ஹாரிசன்–மெல்டோலா பரிசில் அவர் பெயர் இருக்கிறது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் காக்கவைத்த சட்டம்

ஹாரிசனின் பகுப்பாய்வு சொன்னதைச் சட்டம் மெல்லத்தான் கேட்டது. பால்வினை நோய்களுக்கான மருந்து விளம்பரம் 1917-ல் தடுக்கப்பட்டது. புற்றுநோய்ச் சிகிச்சை விளம்பரம் 1939-ல். மருந்தின் உள்ளடக்கத்தைச் சீட்டில் போட்டே தீர வேண்டும் என்று 1941-ல்தான் பிரிட்டனில் சட்டம் வந்தது. பழைய முத்திரை வரியும் அதோடு ஒழிந்தது. 1909-ல் வந்த புத்தகத்தின் கோரிக்கை நிறைவேற 32 ஆண்டுகள் ஆயின. அதைப் பார்க்க ஹாரிசன் உயிரோடு இல்லை.

அந்த 32 ஆண்டுகளும் மக்களுக்கு என்ன பாதுகாப்பு இருந்தது? சட்டம் இல்லாத இடத்தில் தகவல் இருந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்து அந்தப் புத்தகத்தை வாங்கிய தாய், தன் குழந்தைக்குக் கொடுக்கும் பொடியில் என்ன இருக்கிறது என்று தானே தெரிந்துகொள்ள முடிந்தது. பொதுமக்களுக்கான மருந்துக் கல்வி என்பது இதுதான். மக்களைப் பயமுறுத்த வேண்டியதில்லை, பாடம் எடுக்க வேண்டியதில்லை. சரியான விவரத்தை அவர்களுக்குப் புரியும்படி கையில் கொடுத்தால் போதும். அவர்கள் முடிவெடுத்துக்கொள்வார்கள்.

நம் வீட்டு அலமாரி வரை

இந்தியாவில் 1930-ல் ராம்நாத் சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. 1954-ல் 'மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம்' வந்தது. அதன் அட்டவணையில் 54 நோய்களும் உடல்நிலைகளும் இருக்கின்றன. அவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே குற்றம். பட்டியலைப் பாருங்கள்: புற்றுநோய், நீரிழிவு, காசநோய், வலிப்பு, காது கேளாமை, உடல் பருமன். ஹாரிசன் 1909-ல் பிரித்துப் பார்த்த மருந்துகள் எந்தெந்த நோய்களுக்கு விற்கப்பட்டனவோ, ஏறத்தாழ அதே பட்டியல்.

சட்டம் வந்து 70 ஆண்டுகள் கடந்தும், 'சர்க்கரையை அடியோடு விரட்டும்' சூரணம் தொலைக்காட்சியில் வருகிறது. செல்போனில் வருகிறது. பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிறது. 2024-ல் உச்ச நீதிமன்றம், தவறான மருத்துவ விளம்பரங்களுக்காக ஒரு பெரிய நிறுவனத்தைப் பத்திரிகைகளில் பகிரங்க மன்னிப்பு வெளியிட வைத்தது. நோயாளியின் நம்பிக்கையைக் காசாக்கும் வியாபாரம் ஊர் மாறியிருக்கிறது, உடை மாறியிருக்கிறது. ஓயவில்லை.

இங்கேதான் நம் தெருமுனை மருந்தாளுநரின் இடம் வருகிறது. டாக்டரைப் பார்க்க டோக்கன் வேண்டும், ஃபீஸ் வேண்டும். மருந்துக்கடையில் நின்று ஒரு கேள்வி கேட்க எதுவும் வேண்டாம். படித்த ஒருவர், காசு கேட்காமல், வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறார். பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் டாக்டர் சீட்டு மருந்துகளைக் கொடுக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டமும்கூட. அவரைப் பொட்டலம் மடித்துத் தரும் ஆளாக மட்டும் நாம் பார்த்தால், இழப்பு நமக்குத்தான். கடை உரிமையாளர்களும், சான்றிதழை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு மருந்தாளுநர் இல்லாமல் கடை நடத்துவதை நிறுத்த வேண்டும். மருந்தாளுநர்களும், 'இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?' என்று கேட்பவரிடம் இன்னும் ஒரு நிமிடம் பேச வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளம்பரத்தைப் பார்த்து மருந்து வாங்கும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். உள்ளடக்கம் எழுதியிருக்கிறதா? தயாரித்தவர் முகவரியும் உரிம எண்ணும் இருக்கின்றனவா? சர்க்கரை நோயையோ புற்றுநோயையோ முழுதாகக் குணமாக்கும் என்று போட்டிருக்கிறதா? அப்படிப் போட்டிருந்தால் அது சட்டத்தை மீறிய விளம்பரம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுங்கள். டாக்டர் கொடுத்திருக்கும் மருந்தை, விளம்பரத்தை நம்பி ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். சந்தேகம் வந்தால் மருந்தாளுநரிடம் போய், 'இதில் என்ன இருக்கிறது?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அவர் கடமை. கேட்பது உங்கள் உரிமை.